குட்டைக் குழல் ரிவால்வருக்கு எந்தத் தோட்டா? – கேள்வி பதில்

டெக்சஸில் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறேன். பேன்ட் பாக்கெட்டில் அடங்கும் ஐந்து தோட்டா ரிவால்வரில் எதைப் போடுவது என்று நம் ஆட்கள் பலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகைக்கானவை, குழல் இரண்டு அங்குலத்துக்குள். அதை வைத்தே பேசுகிறேன்.

செந்தில், டாலஸ்: அண்ணா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 வாங்கியிருக்கிறேன். கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. பெட்டியில் வேகம் அதிகமாகப் போட்டிருப்பதை எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. அந்த எண் பெரும்பாலும் நாலு அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தது. உங்களுடையது 1.875 அங்குலம். குண்டு குழலுக்குள் இருக்கும் வரைதான் வாயு அதைத் தள்ளும். வெளியே வந்துவிட்டால் மிச்ச அழுத்தம் தீயாகவும் சத்தமாகவும் வீணாகிவிடும். விநாடிக்கு நூறு அடி குறைவது சாதாரணம், சிலதில் அதற்கு மேலும் போகும்.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது ஹாலோ பாயிண்ட் குண்டுதான். மூக்கில் குழி உள்ள அந்தக் குண்டு விரிய ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். வேகம் போதாமல், போகிற வழியில் சட்டைத் துணியும் குழியை அடைத்துக்கொண்டால் அது விரியாமலே போய்விடும். நீங்கள் கூடுதல் காசு கொடுத்தது வெறும் பேருக்கு என்றாகும்.

அதனால் குட்டைக் குழலுக்கென்றே செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பியர் கோல்ட் டாட் 135 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) 'ஷார்ட் பேரல்' நியூயார்க் போலீஸார் துணை ஆயுதமாக வைத்திருந்த சின்ன ரிவால்வர்களுக்காக உருவானது. அதற்குச் சொல்லும் 860 அடி வேகமே 1.9 அங்குலக் குழலில் எடுத்ததுதான். ஃபெடரல் ஹெச்எஸ்டி 130 கிரெயினும் இதே வகை. ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபென்ஸில் குழியைச் சிவப்பு பாலிமரால் நிரப்பியிருப்பார்கள், துணி அடைக்காது. மூன்றில் எது உங்கள் ஊரில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதோ அது போதும். எது சிறந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

பானுமதி, ஹூஸ்டன்: என்னிடமும் அதே 642தான். ப்ளஸ் பி தோட்டா போட்டுச் சுட்டால் உள்ளங்கை எரிகிறது, இரண்டாவது குண்டு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. தினமும் பயிற்சி எடுத்தால் பழகிவிடுமா?

பழகாதுங்க. தோட்டாவை மாற்றுங்கள். அரைக் கிலோகூட இல்லாத துப்பாக்கி அது, சுடும்போது பின்னால் தள்ளும் உதையை உள்வாங்க அதில் எடையே கிடையாது. .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ப்ளஸ் பி என்பது அதற்கும் மேலே அழுத்தம் ஏற்றிய தோட்டா. உங்கள் துப்பாக்கி தாங்கும், கை தாங்கவில்லை.

148 கிரெயின் வாட்கட்டர் என்று ஒன்று உண்டு. மூக்கே இல்லாமல் தட்டையாக வெட்டியது போலிருக்கும். குறி பார்த்துச் சுடும் போட்டிகளுக்காக வந்தது. விநாடிக்கு 700 அடியை ஒட்டித்தான் போகும், உதை மிகக் குறைவு. "இது காகிதத்துக்குத்தானே?" என்று கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் இறந்தார்கள். எதிராளியின் உடலில் பாய்ந்த ஒரு குண்டு இதயத்தை எட்டும் முன்பே நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகுதான் எஃப்பிஐ, உடல் தசைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று அளவு வைத்தது. வாட்கட்டர் விரியாது. ஆனால் விரியாததாலேயே அந்த ஆழத்தைத் தாராளமாக எட்டும், அதன் தட்டை விளிம்பு துளையையும் சுத்தமாக வெட்டும். விரிந்துவிட்டு எட்டு அங்குலத்தில் நின்றுபோகும் இலகு குண்டைவிட எனக்கு இதுவே மேல். சொன்ன இடத்தில் ஐந்தையும் போட முடியும் என்றால் இன்னும் மேல்.

ஒரு குறை: தட்டை மூக்கு சிலிண்டர் ஓட்டைக்குள் சட்டென்று இறங்காது. சிலிண்டரில் வாட்கட்டர், மறுபடி நிரப்பத் தோட்டாக்களைச் செருகி வைத்திருக்கும் பட்டையான ஸ்ட்ரிப்பில் உருண்டை மூக்கு என்று பலர் பிரித்து வைக்கிறார்கள். நல்ல யோசனை.

ராஜேஷ், ஆஸ்டின்: என்னுடையது .357 ரூகர் எல்சிஆர். .38 போட்டால் வீண்தானே?

வீண் இல்லை. .357 மேக்னத்தின் அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ, .38-ஐப் போல இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் மருந்துக்கு வேலை செய்ய நீளமான குழல் வேண்டும். இரண்டு அங்குலத்தில் வேகம் கொஞ்சம் ஏறும், தீயும் சத்தமும் ரொம்ப ஏறும். ராத்திரி அறைக்குள் சுட்டால் கொஞ்ச நேரம் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

.357 துப்பாக்கியில் .38 போடலாம். .38 துப்பாக்கியில் .357 போடக்கூடாது, நுழையாமல் இருக்கட்டும் என்றுதான் அதன் பித்தளைக் கூட்டை 0.135 அங்குலம் நீளமாக்கினார்கள். .38 நிறையச் சுட்டால் சிலிண்டர் ஓட்டைகளுக்குள் கரி வளையம் படியும், பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

பெயர் வேண்டாம், சான் அன்டோனியோ: இலகு ரிவால்வரில் நாலு குண்டு சுட்டதும் சிலிண்டர் சுற்றாமல் மாட்டிக்கொண்டது. துப்பாக்கி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் தோட்டாதான் காரணம். உதைக்கும்போது துப்பாக்கியும் பித்தளைக் கூடும் பின்னால் வருகின்றன, குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடிக்கவில்லை என்றால் அது மெல்ல முன்னால் நகர்ந்து சிலிண்டரை விட்டு நீட்டிக்கொள்ளும். அப்புறம் சிலிண்டர் எப்படிச் சுற்றும்?

பிஸ்டல் என்றால் ஸ்லைடை இழுத்துவிட்டால் பல அடைப்புகள் சரியாகிவிடும். இங்கே அந்த வழி இல்லை. ஆகவே புதுத் தோட்டா வாங்கினால் ஒரு சோதனை: ஐந்தாவது தோட்டாவின் நீளத்தை வெர்னியரில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாலையும் சுட்டுவிட்டு அதை எடுத்து மறுபடி அளங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தப் பிராண்ட் உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. சில மிக இலகு மாடல்களில் குறைந்தபட்ச குண்டு எடையைக் குழலிலேயே பொறித்திருப்பார்கள், பாருங்கள்.

கார்த்திக், அட்லாண்டா: 110 கிரெயின் போட்டால் குறிக்குக் கீழே படுகிறது. குறி பார்க்கும் சைட் கோணலா?

கோணல் இல்லை. நிலையான சைட் உள்ள .38 ரிவால்வர்கள் பலவற்றை 158 கிரெயினுக்கு ஒட்டித்தான் அமைக்கிறார்கள். கனமான குண்டு மெதுவாகப் போவதால் அது வெளியேறுவதற்குள் துப்பாக்கி முனை உதையில் கூடுதலாக மேலே ஏறிவிடுகிறது. இலகு குண்டு சீக்கிரம் வெளியே போய்விடும், அதனால் தாழ்வாகப் படும். ஏழு கஜத்தில் ஓர் அங்குலம் என்றால் விட்டுவிடுங்கள். அதிகம் என்றால் 130-க்கு மேல் போங்கள்.

நித்யா, எடிசன்: நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் கூடாது என்கிறார்களே?

வீட்டில் வைத்திருக்கலாம், துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு முறைப்படி எடுத்துப் போகலாம். இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடப்பதுதான் சிக்கல். குழியைப் பாலிமரால் நிரப்பிய குண்டுகள் அந்தத் தடையில் வராது என்பது மாநிலப் போலீஸின் நிலை. சுமக்கும் முன் அவர்கள் இணையதளத்தை நீங்களே படித்துவிடுங்கள்.

அருண், பிளேனோ: ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி இல்லை, நண்பருக்காகத் தோட்டாப் பெட்டி மட்டும் வீட்டில் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமில்லை, தோட்டா வைத்திருப்பதும் மத்தியக் குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

சரவணன், மதுரை: அப்பாவிடம் லைசென்ஸுடன் .32 ஐஓஎஃப் (இந்திய அரசு ஆயுதத் தொழிற்சாலை) ரிவால்வர் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து அண்ணன் நல்ல தோட்டா கொண்டுவரலாமா?

ஐயோ, அந்தப் பேச்சே வேண்டாம். பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கு வாங்கியவர்கள் உண்டு. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது தொடவே தொடாதீர்கள்.

அப்பாவின் துப்பாக்கிக்கு .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். லைசென்ஸ் உள்ள கடையில் 'ரிவால்வர்' என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள். பிஸ்டலுக்கும் .32 என்றே ஒரு தோட்டா விற்கிறார்கள். அது வேறு, கூடு வேறு, அழுத்தமும் வேறு. சில ரிவால்வரில் அது உள்ளே போய் உட்கார்ந்தும் கொள்ளும், ஆனால் சுடக்கூடாது.

பானுமதி, மறுபடியும்: ஒரே தோட்டாவை எத்தனை நாள் உள்ளேயே வைத்திருக்கலாம்?

உலர்ந்த இடம் என்றால் தோட்டா வருஷக்கணக்கில் கெடாது. எண்ணெய்தான் எதிரி. சுத்தம் செய்துவிட்டு சிலிண்டரைச் சொதசொதவென்று விடாதீர்கள், தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் எண்ணெய் இறங்கலாம். பாக்கெட்டில் சுமப்பவர்கள் வியர்வைக்காக வருஷம் ஒருமுறை பழைய ஐந்தையும் ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுசு போட்டால் போதும்.