1835-ஐ ஏற்காத கணினியும் ஹாலி வால்மீனும்

அன்புள்ள ஐயா,

ஓய்வு நேரத்தில் வானியல் படிப்பவன் நான். ஹாலி வால்மீன் ஒவ்வொரு முறையும் சூரியனை மிக நெருங்கிய தேதிகளை எக்செல்லில் போட்டு, இடையில் எத்தனை நாள் என்று பார்க்க ஆசைப்பட்டேன். 1910, 1986 இரண்டையும் ஒழுங்காகக் கழித்துத் தருகிறது. 1835 என்று போட்டால் பிழை காட்டுகிறது. 1900-க்கு முன்னால் உலகமே இல்லையா?

இன்னொரு தொல்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுநாள் காலையில் போட்டால், கம்ப்யூட்டரின் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்கிறது. வைரஸ் என்று பயந்து விண்டோஸை மறுபடி நிறுவினேன். இரண்டு நாளில் பழைய கதைதான். இந்த இரண்டு தொல்லைகளுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம், அது எளிது. வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மதர்போர்டில் நாணயம் போல ஒரு வட்ட பேட்டரி இருக்கும், அது தீர்ந்துவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் உள்ளே ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அதைப் பதினைந்து தடவை பாதி பாதியாகக் குறைத்தால் நொடிக்குச் சரியாக ஒரு துடிப்பு. மின்சாரம் இணைந்திருக்கும்வரை அதிலிருந்தே ஓடும். மெயின் சுவிட்சை அணைத்ததும் பேட்டரிதான் கதி. அது தீர்ந்துபோனால் கடிகாரம் கணக்கை இழந்து, தயாரிப்பாளர் குறித்து வைத்த தொடக்கத் தேதிக்குப் போய்விடும்.

இணையதளங்கள் மிரட்டுவதும் இதனால்தான். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழிலும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் நின்றுகொண்டு பார்க்கும்போது, அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை.

பெரும்பாலான மேசைக் கணினிகளில் அந்த பேட்டரி சிஆர்2032. மூன்று வோல்ட், இருபது மில்லிமீட்டர் அகலம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பழையதை எடுத்து, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், தேதியைச் சரிசெய்யுங்கள். அவ்வளவுதான். விண்டோஸை மறுபடி நிறுவிய உங்கள் உழைப்பு வீணாய்ப் போனதுதான் எனக்கு வருத்தம்.

சரி, இப்போது ஹாலி. சம்பந்தம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. இரண்டிலும் தொடக்கத் தேதிதான் விஷயம். மென்பொருள்கள் பெரும்பாலும் மாதத்தையும் வருடத்தையும் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ஏதோ ஒரு தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே வரும், நாம் பார்க்கும்போது மட்டும் அந்த எண்ணைத் தேதியாக்கிக் காட்டும். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்தவை 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணுகின்றன. எக்செல்லுக்கு 1900 ஜனவரி 1 என்பது எண் 1. அதற்கு முந்தைய நாளுக்கு அதனிடம் எண்ணே கிடையாது. அதனால் 1835-ஐ வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் தாளிலேயே பாருங்கள்: நீங்களாக மாற்றியிருக்காவிட்டால் 1910-ம் 1986-ம் கட்டத்தின் வலது ஓரத்தில் இருக்கும், 1835 மட்டும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்படியே இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து அதைத் தேதியாக மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை! நூறால் வகுபடும் வருடம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருடம். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் 1900-ஐ லீப் வருடமாக எடுத்துக்கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல்லும் அந்தத் தவறை அப்படியே வைத்துக்கொண்டது. உங்கள் 1910 கணக்கை இது பாதிக்காது.

உங்களுடைய சிக்கல் வானியலாளர்களுக்கும் இருந்தது. பழைய கிரகணம் ஒன்றுக்கும் புதிய கிரகணம் ஒன்றுக்கும் இடையே எத்தனை நாள்? மாதத்தையும் வருடத்தையும் பிடித்துக்கொண்டு இதைக் கணக்கிட்டால் எங்காவது தவறும். அதனால் இந்திய வானியலார் கி.மு. 3102 பிப்ரவரி 18-ல் கலியுகத் தொடக்கத்தை வைத்து, அன்றிலிருந்து கழிந்த நாட்களை ஒரே எண்ணாக எண்ணினார்கள். அதற்கு அகர்கணம் என்று பெயர். ஐரோப்பாவில் 1583-ல் ஜோசப் ஸ்காலிகர் என்ற வரலாற்று அறிஞர் கி.மு. 4713-ல் தொடங்கும் ஒரு காலச்சுற்றை அமைத்தார். அதை வைத்து நாட்களை எண்ணும் முறையை 1849-ல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் மற்ற வானியலாளர்களிடம் கொண்டுசேர்த்தார். இதுதான் ஜூலியன் நாள் எண். இதில் நாள் பிறப்பது நண்பகலில். இரவெல்லாம் தொலைநோக்கியில் பார்ப்பவருக்கு நள்ளிரவில் தேதி மாறினால் குறிப்பு இரண்டாக உடையும். நண்பகலில் மாறினால் ஓர் இரவு ஒரே எண்ணுக்குள் இருக்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

எக்செல்லை மாற்ற வேண்டியதில்லை. தேதியை விட்டுவிட்டு இந்த எண்களைப் போடுங்கள். எல்லாம் அந்தந்த நாளின் நண்பகலுக்கு உரியவை:

1607 அக்டோபர் 27: 2308304
1682 செப்டம்பர் 15: 2335656
1759 மார்ச் 13: 2363593
1835 நவம்பர் 16: 2391599
1910 ஏப்ரல் 20: 2418782
1986 பிப்ரவரி 9: 2446471

வரிசையாகக் கழித்தால் 27352, 27937, 28006, 27183, 27689. 76 வருடத்துக்கு ஒருமுறை வரும் என்று எல்லோரும் சொல்லும் வால்மீனின் மிக நீண்ட சுற்றுக்கும் மிகக் குறுகிய சுற்றுக்கும் இடையே இரண்டு வருடத்துக்கு மேல் வித்தியாசம். நாட்களாகப் பார்த்தால்தான் இது கண்ணில் அறைகிறது.

முதல் இரண்டு இடைவெளிகளை மட்டும் பாருங்கள். வித்தியாசம் 585 நாள். இந்த எண்ணுக்குப் பின்னால் மூன்று பேரின் உழைப்பு இருக்கிறது. வால்மீன் திரும்பி வரும் என்று ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி சொல்லிவிட்டு 1742-ல் இறந்துபோனார். எப்போது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால், போகும் வழியில் வியாழனும் சனியும் அதை எவ்வளவு இழுக்கின்றன என்று படிப்படியாகக் கணக்கிட வேண்டும். 1757-ல் பாரிஸில் அலெக்ஸி கிளேரோ, ஜெரோம் லலாந்து, நிக்கோல் ரெய்ன் லெப்போத் என்ற கணித, வானியல் அறிஞர்கள் மூவரும் அதில் இறங்கினார்கள். காலையிலிருந்து இரவுவரை, சில நாள் சாப்பிடும்போதும் கணக்குப் போட்டதாக லலாந்து எழுதியிருக்கிறார். 1758 நவம்பரில் கிளேரோ முடிவை அறிவித்தார்: போன சுற்றைவிட இந்தச் சுற்று 618 நாள் கூடுதலாகும், அதில் 518 வியாழனால், 100 சனியால். ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம். அந்த டிசம்பர் 25-ம் தேதி இரவு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் யோகான் பாலிட்ஸ் என்ற விவசாயி அதை முதலில் பார்த்தார். மார்ச் 13-ல் அது சூரியனை நெருங்கியது. 618-லிருந்து 585-ஐக் கழியுங்கள். காகிதமும் இறகுப் பேனாவும் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட 28,000 நாள் பயணத்தில் 33 நாள்தான் பிசகினார்கள்.

லெப்போத்தின் உழைப்பை லலாந்து பின்னாளில் மனம் திறந்து பாராட்டினார். கிளேரோ தன் நூலில் லெப்போத்தின் பெயரை விட்டுவிட்டார். இத்தனை வருடம் கழித்தும் இது எனக்கு ஆறவில்லை. உங்கள் தாளில் 1759 வரிசைக்குப் பக்கத்தில் அவர் பெயரை எழுதி வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 1682-ஐச் சில நூல்களில் செப்டம்பர் 5 என்று பார்ப்பீர்கள். இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, பத்து நாள் வித்தியாசம். வால்மீன் அதற்கு முன் வந்த 1531-ஐயும் சேர்க்கப் போனால் 1582 அக்டோபர் குறுக்கே வரும், ஜூலியன் நாட்காட்டியை விட்டுப் புதிய கிரிகோரியன் நாட்காட்டி தொடங்கிய மாதம் அது. அந்த மாதம் 4-ம் தேதி வியாழனுக்கு மறுநாள் 15-ம் தேதி வெள்ளி. தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினால் பத்து நாள் கூடிவிடும். நாள் எண்ணில் அந்தப் பள்ளமே இல்லை.

அப்புறம், கடைசியில் வால்மீனின் அடுத்த வருகைக்கும் ஒரு வரிசை சேர்த்துவிடுங்கள்: 2061 ஜூலை 28, எண் 2474034. இடைவெளி 27563 என்று வர வேண்டும்.

அன்புடன்.