பூஞ்சைக்குப் பேர் வைக்கும் படிப்பு: சோறு போடுமா?

பேரீச்சை ஓலையைத் தாக்கும் புதிய பூஞ்சைகளைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாள், அதை நம்பிப் படிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. புதுப் பூஞ்சைக்குப் பேர் வைப்பதற்கு மட்டும் சம்பளம் தரும் இடங்கள் மிகக் குறைவு. ஆனால் பூஞ்சையை இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பயிர் நோயியலில் நல்ல தேவை இருக்கிறது. திசு வளர்ப்பில் உருவான பேரீச்சைக் கன்றுகள் நாடு விட்டு நாடு போகின்றன. கன்றோடு நோயும் சேர்ந்து போய்விடாமல் தடுக்க, தாவரத் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்கு இப்படிப்பட்ட ஆட்கள் வேண்டும். பூச்சிமருந்து நிறுவனங்களும் விவசாய ஆராய்ச்சி நிலையங்களும் இவர்களை எடுக்கின்றன.

வேலை எப்படி இருக்கும் என்பதை மகளும் தெரிந்துகொள்ளட்டும். புள்ளி விழுந்த ஓலையில், நோய்ப்பகுதியும் பச்சையும் சேரும் ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டி, மேலே ஒட்டிய கிருமி சாக ஹைப்போகுளோரைட் என்ற வெளுப்புக் கரைசலில் முக்கி, கழுவி, பூஞ்சை வளர உணவாகும் உருளைக்கிழங்கு அகார் கூழ்த் தட்டில் வைப்பார்கள். சில நாளில் இழை படரும். அதிலிருந்து ஒரே ஒரு வித்தை (பூஞ்சை பரவ உதவும், விதை போன்ற நுண்துகள்) பிரித்து வளர்க்க வேண்டும். இங்கேதான் பொறுமை சோதிக்கப்படும். உதாரணத்துக்கு, பெஸ்டலோட்டியாப்சிஸ் என்ற பேரினப் பூஞ்சையின் வித்து ஐந்து அறை கொண்டது. நடு மூன்றும் நிறமுள்ளவை, நுனியில் மெல்லிய இழைகள். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் பல இனங்கள் அச்சு அசலாக இப்படியே இருக்கும். டி.என்.ஏ.வையும் வைத்துத்தான் 2014-இல் இந்தப் பேரினத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பூஞ்சையை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி மட்டும் போதாமல், பீட்டா டியூபுலின் போன்ற மரபணுக்களையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

அப்புறம், ஓலையில் இருந்த பூஞ்சைதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. செத்த திசுவில் பின்னால் வந்து குடியேறியதாகவும் இருக்கலாம். நல்ல ஓலையில் ஏற்றி, அதே புள்ளி வந்து, அதிலிருந்து அதே பூஞ்சையைத் திரும்ப எடுத்தால்தான் நிரூபணம். புதிய இனம் என்றால் மாதிரியைச் சேமிப்பகத்தில் ஒப்படைத்து, மைக்கோபேங்க் போன்ற பூஞ்சைப் பெயர்ப் பதிவகத்தில் எண் வாங்க வேண்டும். 2013 முதல் அந்த எண் இல்லாத புதுப் பெயர் செல்லாது.

இளநிலையில் விவசாயமோ தாவரவியலோ நுண்ணுயிரியலோ எதுவானாலும் சரி. முதுநிலையில் பயிர் நோயியல் எடுக்கட்டும். முனைவர் பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் தனியாக ஆராய்ச்சி நடத்துவது கஷ்டம். அந்தக் காலத்தையும் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள். கணினியில் மரபணு வரிசைகளை ஒப்பிடும் பழக்கத்தைக் கல்லூரியிலேயே தொடங்கச் சொல்லுங்கள். ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கும்போது அதை முக்கியமாகப் பார்ப்பார்கள். மகளுக்கு ஆஸ்துமா இருந்தால் மட்டும், வித்துகளோடு புழங்கும் வேலை என்பதால், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

முதுநிலைக்கு இடம் தேடும்போது வழிகாட்டியிடம் ஒன்றைக் கட்டாயம் கேட்கட்டும்: பூஞ்சையைப் பிரிப்பதும் டி.என்.ஏ. ஒப்பீடும் மாணவர்களே செய்கிறார்களா, வெளியே கொடுத்து வாங்குகிறார்களா? வெளியே கொடுக்கும் இடம் என்றால் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.