1939 வெள்ளி ரூபாயா, வெள்ளிக் கட்டியா?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 47. மகள் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இன்னும் நான்கு ஆண்டுகளில் கல்லூரி. அதற்கென்று 3 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய நாணயம் சேர்ப்பது என் அப்பாவின் பழக்கம். அவர் காலமான பிறகு அந்தப் பெட்டி என்னிடம் வந்தது; எனக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. தெரிந்த வியாபாரி ஒருவர் 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய் ஒன்றை 1,40,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். "வெள்ளி விலை ஏறும், இறங்கும். இது ஏறிக்கொண்டேதான் இருக்கும்" என்கிறார். அதே பணத்துக்கு வெள்ளிக் கட்டியோ தங்கக் காசோ வாங்கலாம் என்பது என் மனைவியின் கருத்து. எதைச் செய்யட்டும்?

பதில்: இந்தப் பணத்தில் அந்த நாணயத்தை வாங்காதீர்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அவர் சொன்னதிலும் ஒரு சிறிய திருத்தம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ரூபாய்க்கு ஏன் அவ்வளவு விலை என்று பார்ப்போம். வியாபாரி சொல்வதில் உண்மையும் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். 1939 வரை அதில் 91.7 சதவீதம் வெள்ளி. போர் வந்ததும் 1940-இல் அதை 50 சதவீதமாகக் குறைத்தார்கள். 1947-இல் வெள்ளியே போய், ரூபாய் நிக்கலுக்கு மாறியது. பழைய தரத்தின் கடைசி ஆண்டு 1939. அந்த ஆண்டு பொறித்த ரூபாய்கள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. சேகரிப்பவர்கள் அதைத் தேடுவது அதனால்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்தக் காசில் இருக்கும் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். கணக்குக்காகக் கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்பு 2,140 ரூபாய். அந்தக் கணக்கில் மீதி 1,37,860 ரூபாயை நீங்கள் கொடுப்பது '1939' என்ற எண்ணுக்காக. இன்னும் கறாராகச் சொன்னால், கடைசியில் இருக்கும் அந்த '9'-க்காக.

அந்த ஒன்பதில்தான் எனக்குப் பயம். 1938 ரூபாய் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்பது இந்தத் துறையில் ஊரறிந்த மோசடி. தராசில் வைத்தால் எடை சரியாக இருக்கும். சுண்டிப் பார்த்தால் வெள்ளிச் சத்தம் கேட்கும். உரைத்துப் பார்த்தாலும் தரம் சரியாகவே காட்டும். காசு அசல்தானே, பொய் அந்த ஒரு எண்ணில் மட்டும்தான்! பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து அந்த எண்ணின் அடிப்பகுதியைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் மூன்றின் வளைவோடு ஒப்பிடுங்கள். சுற்றிலும் உள்ள தளம் வழவழவென்று ஒரே சீராக இருக்கிறதா, கீறலோ பள்ளமோ தெரிகிறதா என்று கவனியுங்கள். இவ்வளவு பார்த்தும் பழகாத கண் ஏமாந்துபோகும். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனங்கள் சோதித்து, 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரம் போட்டு, முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் தருகின்றன. அந்தப் பெட்டியிலும் போலி உண்டு. அதனால் சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் அதே காசுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வியாபாரி அப்படி எந்தச் சான்றும் தருவதாகக் கடிதத்தில் இல்லை.

காசு அசல் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகள் கழித்து ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த மாதத்தில், அந்த விலைக்கு, அந்தக் காசைக் கேட்கும் ஓர் ஆள் உங்களுக்கு வேண்டும். ஏலத்தில் விட்டால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், கமிஷனும் போகும். வியாபாரியிடமே திரும்பக் கொண்டுபோனால், விற்றபோது 'அபூர்வம்' என்று சொன்னவர் வாங்கும்போது தேய்மானம் பேசுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பிழைப்பு அது. 40,000 ரூபாய்தான் தேவை என்றாலும் காசில் ஒரு துண்டை வெட்டி விற்க முடியாது. வங்கியில் அடகு வைக்கலாம் என்றால், அபூர்வ விலைக்கு எந்த வங்கியும் கடன் தராது.

உலோகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அன்றைய விலை காலையில் செய்தித்தாளில் வந்துவிடும். எந்த ஊர் நகைக்கடையிலும் விற்கலாம். வாங்கும்போது கட்டும் 3 சதவீத ஜி.எஸ்.டி. திரும்ப வராது, கடைக்காரர் கொஞ்சம் கழிப்பார். அதோடு சரி. தங்கக் காசு வாங்குவதானால் 999 அல்லது 995 தரம் (ஆயிரத்தில் அத்தனை பங்கு சுத்தத் தங்கம்), ஹால்மார்க், முத்திரை பிரிக்காத உறை, பில் எல்லாம் இருக்க வேண்டும். "திரும்பத் தந்தால் பணமாகத் தருவீர்களா, நகையாகத்தான் மாற்றித் தருவீர்களா" என்று வாங்கும் அன்றே கேளுங்கள். விற்ற வங்கி திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். வங்கிகள் தங்கக் காசைத் திரும்ப எடுப்பதில்லை. தங்கக் கட்டியை அடகு வைத்து வங்கியில் கடன் வாங்கவும் முடியாது என்பது பலருக்கும் தெரியாத விஷயம்.

திருத்தம் என்றேனே, அது இதுதான்: 3 லட்சத்தையும் உலோகத்தில் போடாதீர்கள். 2011 செப்டம்பரில் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்ட தங்கம், 2015 டிசம்பரில் 1,050 டாலர் பக்கம் வந்து நின்றது. வெள்ளி இன்னும் மோசம்: 2011 ஏப்ரலில் 49 டாலருக்கு அருகில் இருந்தது, 2015 இறுதியில் 14 டாலருக்கும் கீழே. ஏறக்குறைய உங்களுக்கு இருக்கும் அதே நான்கு ஆண்டுகள்! மகளின் படிப்புப் பணத்தை அந்த ஆட்டத்துக்கு விட எனக்கு மனம் வராது. 2 லட்சத்தை வங்கி வைப்பிலோ அஞ்சலக வைப்பிலோ, கட்டணம் கட்டும் மாதத்துக்கு முன்பே முதிர்வடையும்படி போடுங்கள். மீதி 1 லட்சத்துக்குத் தங்கம் போதும். பங்குகளை மின்வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு இருந்தால், பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதியான தங்க ஈ.டி.எஃப். இன்னும் எளிது: பூட்டி வைக்கும் கவலை இல்லை, 12 மாதம் கடந்தாலே நீண்டகால ஆதாயமாகி 12.5 சதவீத வரி. கையில் வைத்திருக்கும் தங்கத்துக்கு அது 24 மாதம். வெள்ளிக் கட்டி இப்போதைக்கு வேண்டாம்.

பழைய காசின் மேல் ஆசை என்றால், பிறகு கை நிறையும்போது ஒரு நடுவழி இருக்கிறது. நாம் வாயால் சொல்கிற 'பவுன்' பிறந்த இடமான சவரன் காசு அது. 22 காரட், 7.988 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். சாதாரண ஆண்டுக் காசு என்றால் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி தங்கமாகவே கையில் நிற்கும். 1918-இல் பம்பாயிலும் அதை அச்சடித்தார்கள். குதிரைவீரன் இருக்கும் பக்கத்தில், ஆண்டுக்குச் சற்று மேலே 'ஐ' என்ற சின்ன ஆங்கில எழுத்து இருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நூறு வயது கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குக் கொடுத்தனுப்பக் கூடாது.

அப்பாவின் பெட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. என்னிடம் வந்த ஒருவர், தாத்தா வைத்திருந்த வெள்ளி ரூபாய்களைப் பூஜைப் பாத்திரம் துலக்குவது போல விபூதி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்தார். ராஜா தலையின் முடிக்கற்றை மழுங்கிப் போயிருந்தது. காலம் ஏற்றிய அந்தக் கருமைக்குத்தான் சேகரிப்பவர் காசு கொடுக்கிறார். விபூதியோ புளியோ படவே கூடாது. காசுகள் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் உறையில் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், நாளடைவில் பச்சை பிடிக்கும். விற்க நினைத்தால், ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய காசுக்கு லட்சங்கள் தருவதாகவும் முதலில் கட்டணம் கட்டச் சொல்லியும் வரும் அழைப்புகளை நம்பாதீர்கள்; அது மோசடி என்று 2021-லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு காசையும் ஓரத்தைப் பிடித்து எடுத்து, ஆண்டு, எடை, இருபக்கப் படம் என்று ஒரு நோட்டில் பதிவு செய்யுங்கள். 1938 என்று தெரிந்தால் 1938 என்றே எழுதுங்கள். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பது உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்கட்டும்.