ஒரே அணிக்காகவே கடைசி வரை ஆடிய பேஸ்பால் வீரர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி. பெயரைச் சொல்லிப் பழகவே எனக்கு ஒரு வாரம் ஆனது. பாஸ்டன்காரர்களே 'யாஸ்' என்று சுருக்கிவிட்டதால் நானும் அப்படியே சொல்கிறேன். 1961 முதல் 1983 வரை 23 சீசன், 3,308 ஆட்டம், அத்தனையும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்குத்தான். ஒரே அணிக்கு இத்தனை ஆட்டம் ஆடியவர் வேறு யாரும் இல்லை.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு சுவர்.

பாஸ்டனில் கொஞ்ச காலம் இருந்தபோது, ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்குக்குப் போனேன். இடப்பக்கம் தெரு நெருக்கிக்கொண்டு கிடப்பதால் எல்லை ரொம்பக் கிட்டே, கோட்டோரமாக 310 அடிதான். அதை ஈடுகட்ட 37 அடி உயரத்துக்கு ஒரு பச்சைச் சுவர். ஊரார் அதை 'கிரீன் மான்ஸ்டர்' என்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி, பந்து பட்ட குழிகள். வேறு மைதானத்தில் கேட்ச் ஆகிவிடும் பந்து இங்கே சுவரில் மோதித் திரும்பி வரும்.

அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பதுதான் யாஸின் வேலை. அவர் வந்த காலத்தில் அது தகரச் சுவர். எங்கே பட்டால் எகிறும், எங்கே பட்டால் செத்து விழும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பந்து தலைக்கு மேலே போகிறது என்று தெரிந்தும், கேட்ச் பிடிக்கப்போகிறவர் மாதிரி சாவகாசமாக நிற்பார். ஓட வேண்டிய எதிரணிக்காரர் அதை நம்பித் தயங்குவார். அதற்குள் இவர் சட்டென்று திரும்பி, சுவரில் பட்டு வரும் பந்தை எடுத்து எறிந்திருப்பார். இந்த வித்தையை மூட்டை கட்டி இன்னொரு ஊருக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே அந்தச் சுவர் இல்லையே!

சரி, 'விசுவாசம்' என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. 1975 டிசம்பர் வரை பேஸ்பால் வீரர் நினைத்தபடி அணி மாற முடியாது. ஒப்பந்தம் முடிந்தாலும் உரிமை அணியிடமே இருக்கும். அதாவது யாஸின் முதல் 15 வருடம் அவர் கையில் இல்லை. கதவு திறந்த பிறகும் இருந்தாரே, அந்த 8 வருடத்தைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

நியூயார்க் மாநிலத்தில் உருளைக்கிழங்கு விவசாயியின் மகன். ரெட் சாக்ஸின் பெரிய நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ் ஓய்வு பெற்ற மறு வருடமே அவர் நின்ற இடத்தில் இவரை நிறுத்தினார்கள். எவ்வளவு பெரிய சுமை! 1966ல் ஒன்பதாம் இடத்தில் கிடந்த அணியை 1967ல் உலகத் தொடருக்கு, அதாவது சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் போட்டிக்கு, இழுத்துக்கொண்டு போனார். பேட்டிங் சராசரி .326 (ஆயிரம் முயற்சிக்கு 326 ஹிட் என்ற கணக்கு; ஹிட் என்றால் பந்தை அடித்து பேஸை எட்டுவது), ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) 44, அணிக்குச் சேர்த்த ரன் 121. மூன்றிலும் லீகில் முதலிடம் (ஹோம் ரன்னில் மட்டும் ஹார்மன் கில்லப்ரூவோடு பங்கு). இந்த மூன்று முதலிடத்தையும் இன்னொருவர் ஒரே சீசனில் எட்ட 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்னசோட்டா அணிக்கு எதிரான கடைசி இரண்டு ஆட்டத்தில், தோற்றால் எல்லாம் போச்சு என்ற நிலையில், 8 முயற்சியில் 7 ஹிட். உலகத் தொடரில் என்னவோ கடைசியான ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். 1975லும் அதே கதை.

இவற்றைவிட 1978தான் வயிற்றைப் பிசையும். நியூயார்க் யாங்கீஸும் ரெட் சாக்ஸும் 99 வெற்றியில் சமமாக நிற்க, பிரிவில் யார் முதலிடம் என்று தீர்மானிக்க ஃபென்வேயில் ஒரே ஒரு கூடுதல் ஆட்டம். யாஸே முதல் ஹோம் ரன் அடித்தார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில், பெரிய ஹிட்டர் என்று யாரும் சொல்லாத யாங்கீஸின் பக்கி டென்ட் அடித்த பந்து இடப்பக்கம் எழும்பியது. யாஸ் சுவரை நோக்கிப் பின்னால் போய் அண்ணாந்து பார்க்கிறார். சுவரில் பட்டுத் திரும்பும் என்று காத்திருந்தவரின் தலைக்கு மேலே பந்து சுவரைத் தாண்டிப்போகிறது. அவ்வளவு காலம் படித்த சுவர்! அப்புறம் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், இன்னும் ஒன்று போனால் ஆட்டம் முடிந்தது. சமன் செய்ய வேண்டிய ஆள் ரன்னுக்கு ஒரு படி முன்னால், மூன்றாவது பேஸில். மட்டை பிடித்தது யாஸ். பந்து நேரே மேலே எழும்பியது, கேட்ச். 5-4, யாங்கீஸுக்கு வெற்றி.

23 வருடத்தில் ஒரு உலகத் தொடர் கோப்பைகூட இல்லை.

கடைசி சீசனில் பெரும்பாலும் மட்டை பிடிக்க மட்டும்தான் வந்தார், வயது 44. ஆனால் 1983 அக்டோபர் 2, கடைசி ஆட்டத்தன்று, கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றார்.