11 நாள் வேலைக்குப் போகவில்லை. புது ஆளாகச் சேரச் சொல்கிறார்கள்

கேள்வி: திருகோணமலை நகரத்தில் ஒரு புடவைக்கடையில் 2023 ஓகஸ்ட் முதல் காசாளராக நிற்கிறேன். கடையில் மொத்தம் 18 பேர். போன மாதம் அம்மாவுக்கு டெங்கு. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம், பார்த்துக்கொள்ள என்னைத் தவிர ஆள் இல்லை. 11 வேலை நாள் போகவில்லை. முதல் நாளே மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்துச் சொன்னேன், பிறகு வட்ஸ்அப்பிலும் அறிவித்தேன். இந்த வருடம் அதற்கு முன் 2 நாள்தான் லீவு எடுத்திருக்கிறேன். திரும்பப் போனால் முதலாளி, "நீங்களே வேலையை விட்டுப் போனதாகத்தான் கணக்கு. விலகல் கடிதம் தந்துவிட்டு ஒக்டோபர் 1 இலிருந்து புது ஆளாகச் சேருங்கள்" என்கிறார். 11 நாளுக்கு 22 நாள் சம்பளத்தையும் வெட்டிவிட்டார். தனியார் கடைக்கு லீவு எல்லாம் இல்லையாம். என்னிடம் நியமனக் கடிதம் இல்லை. நான் என்ன செய்வது?
(உவர்மலை வாசகி)

பதில்: தங்கச்சி, அந்த விலகல் கடிதத்தில் மட்டும் கையொப்பம் வைத்துவிடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம். அந்தத் தாளில் கையெழுத்து விழுந்துவிட்டால், "அவராகவே விலகினார்" என்பதற்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்தது போலாகிவிடும்.

புது ஆளாகச் சேரச் சொல்வது தயவு போலத்தான் தெரியும். இழப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கென்று 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி வேலைக்குச் சேர்ந்த முதலாம் வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. இரண்டாம் வருடத்து லீவு, நீங்கள் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு 14 நாள், ஏப்ரல் முதல் ஜூனுக்குள் என்றால் 10, ஜூலை முதல் செப்டெம்பருக்குள் என்றால் 7, ஒக்டோபருக்குப் பின் சேர்ந்தவருக்கு 4. மூன்றாம் வருடம் தொடங்கி எல்லோருக்கும் 14. நீங்கள் ஓகஸ்டில் சேர்ந்தவர். 2024 இல் 7 நாள் கிடைத்திருக்க வேண்டும், அதன் பிறகு வருடத்துக்கு 14. ஒக்டோபர் 1 இல் புது ஆளானால் அடுத்த வருடம் உங்களுக்கு 4 நாள்தான்.

இதைவிடப் பெரிய இழப்பு, வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடையில். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. 18 பேர் உள்ள உங்கள் கடை அதற்குள் வருகிறது, 2028 ஓகஸ்டில் உங்களுக்கு 5 வருடம் நிறையும். இப்போது விலகிப் புதிதாகச் சேர்ந்தால் இதுவரை உழைத்த காலம் அப்படியே அழிந்து, மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். நான்கு வருடத்தைத் தாண்டியவர்களிடம் ஏதாவது ஒரு சாட்டில் விலகல் கடிதம் வாங்கி, அடுத்த கிழமையே திரும்பச் சேர்த்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கும். உங்கள் முதலாளி அப்படி நினைத்துச் சொன்னாரோ தெரியாது, ஆனால் விளைவு ஒன்றுதான்.

சரி, "நீங்களே விட்டுப் போனீர்கள்" என்பது நிற்குமா? பதவியை வெறிதாக்கினார் என்று சொல்ல, ஆள் வராமல் இருந்தது மட்டும் போதாது. வேலையை விட்டுவிடும் எண்ணமும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை நம் நாட்டு நீதிமன்றங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. முதல் நாளே போன் எடுத்து, நடுவில் வட்ஸ்அப்பில் அறிவித்து, அம்மா தேறியதும் கடை வாசலில் வந்து நின்ற ஒருவருக்கு வேலையை விடும் எண்ணம் இருந்தது என்று எப்படிச் சொல்வது? அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். திகதி தெரிகிற மாதிரி படம் பிடித்து வேறொருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பளக் கணக்குக்கு வருவோம். வருடாந்த லீவு 14 நாளைத் தவிர, சுகவீனம், சொந்த அலுவல் போன்ற காரணங்களுக்காக வருடத்துக்கு 7 நாள் சம்பளத்தோடு எடுக்கலாம். நாம் கெஷுவல் லீவு (சமயோசித லீவு) என்று சொல்வது அதைத்தான். முதல் வருடத்தில் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கு. உங்களுக்கு 2 போக 5 நாள் மிச்சம் இருந்திருக்கிறது, அதில் சம்பளம் வெட்ட இடமில்லை. மீதி 6 நாளை வருடாந்த லீவில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும்: வருடாந்த லீவு எப்போது என்பதை முதலாளியோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே அவர் மறுத்தால் அந்த 6 நாள் சம்பளம் போகக்கூடும். ஆனால் 22 நாள் எந்தக் கணக்கிலும் வராது. ஒரு நாள் வராததற்கு இரண்டு நாள் சம்பளம் பிடிப்பது தண்டம் விதிப்பது, அதை முதலாளி நினைத்தபடி செய்ய முடியாது.

நியமனக் கடிதம் தரவேண்டியது அவர் கடமை. மேலே சொன்ன 1954 ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதையும் சொல்கிறது. அது இல்லாததால் உங்கள் உரிமை இல்லாமல் போகாது. சம்பளத் துண்டு, வரவுப் பதிவு, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு எல்லாமே சான்றுதான். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி பக்கத்திலிருந்து 12 வீதமும் போகிறதா என்பதை இந்தச் சாக்கிலேயே பார்த்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே கட்டியிருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது, நாளைக்கே ஒரு கடிதம். நீளம் வேண்டாம், கோபமும் வேண்டாம்:

"அம்மாவின் சுகவீனம் காரணமாக இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை வேலைக்குச் சமுகமளிக்க முடியவில்லை. இதை முதல் நாளே அறிவித்திருந்தேன். நான் வேலையிலிருந்து விலகவில்லை, விலகும் எண்ணமும் இல்லை. 2023 ஓகஸ்ட் முதலான எனது சேவையைத் தொடரத் தயாராக இருக்கிறேன். 5 நாளைச் சமயோசித லீவாகவும் 6 நாளை வருடாந்த லீவாகவும் கணித்து, வெட்டிய சம்பளத்தைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்கமான நேரத்துக்குக் கடைக்குப் போங்கள். வாங்கிக்கொண்டால் பிரதியில் கையொப்பம் கேளுங்கள். வாங்காவிட்டால் அன்றே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பெரும்பாலும் இந்தக் கடிதத்தோடே முதலாளி இறங்கி வந்துவிடுவார். கடை நடத்துகிறவர்களில் பலர் சட்டம் தெரியாமல்தான் இப்படிப் பேசுகிறார்கள்.

அப்புறமும் உள்ளே விடவில்லை என்றால் தொழில் திணைக்களத்தின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. கடிதத்தின் பிரதி, பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் படங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். வேலை நீக்கம் என்றே ஆகிவிட்டால் தொழில் நியாயசபை இருக்கிறது. அங்கே விண்ணப்பிக்கக் காலவரையறை உண்டு, அதனால் "பார்ப்போம்" என்று மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி சச்சரவாவது: சம்பளத்தோடு கட்டாயம் தரவேண்டிய விடுமுறைகள் எட்டு. தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் நாள், வருடப்பிறப்பு, மே தினம், வெசாக்குக்கு மறுநாள், மீலாதுன் நபி, நத்தார். தீபாவளி அதில் இல்லை, நோன்புப் பெருநாளும் இல்லை. அன்றைக்குக் கடை திறந்திருந்து நீங்கள் வராவிட்டால் உங்கள் லீவில்தான் ஒரு நாள் கழியும். போயா தினம் அப்படியல்ல. அன்றைக்கு வேலைக்குக் கூப்பிட்டால் ஒன்றரை நாள் சம்பளம் தரவேண்டும். போன மாதத்துப் போயாவுக்கும் அது கிடைத்ததா என்று சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள்.