வாசகர் கேள்வி – பதில்: மூக்குக்கண்ணாடிக்காகத் திரும்பி வந்தவன்

கேள்வி: ஏழு ஆண்டுகளாக ஓவியம் வரைகிறேன். கை பழகிவிட்டது, பார்ப்பவர்கள் பாராட்டவும் செய்கிறார்கள். ஆனால் வரைந்து முடித்த எதைப் பார்த்தாலும், நான் விரும்பிப் பார்த்த யாரோ ஓர் ஓவியருடைய கைதான் அதில் தெரிகிறதே தவிர என்னுடையது தெரியவில்லை. ‘முதலில் உன்னை நீ கண்டுபிடி, அப்புறம் வரை’ என்கிறார் எனக்குக் கற்றுத்தருபவர். எனக்கென்று ஓர் உண்மையான ‘நான்’ உள்ளே இருக்கிறதா? இருந்தால் எங்கே தேடுவது?

பதில்: உங்கள் ஆசிரியர்மீது மரியாதை குறையாமலே சொல்கிறேன்: அவர் வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டார். தன்னைக் கண்டுபிடித்த பிறகுதான் வரைய வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தால் உலகில் ஒரு கோடுகூட விழுந்திருக்காது. ‘உண்மையான நான்’ என்றவுடனே, பெட்டியின் அடியில் துணிமணிகளுக்குக் கீழே பத்திரப்படுத்திய நகையைப் போல ஏதோ ஒன்று உள்ளே கிடப்பதாகவும், மேலே உள்ளதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டால் அது கைக்கு அகப்பட்டுவிடும் என்றும் நினைத்துக்கொள்கிறோம். ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாளருமான டொனால்ட் வின்னிகாட், 1960இல் இதைப் பற்றி எழுதியபோது அதை ஒரு பொருளாகப் பேசவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரையும் திருப்திப்படுத்த எண்ணாமல், குழந்தையிடமிருந்து தானாக வெளிப்படுகிற அசைவில் உண்மையான தன்மை தொடங்குகிறது என்றும், பிறர் எதிர்பார்ப்புக்கு இணங்கிப் போய்ப் போய் வளர்வது பொய்யான தன்மை என்றும் அவர் பிரித்தார். ஆகவே அது கிடக்கிற பொருள் அல்ல, நடக்கிற காரியம். நடக்கும்போது நாம் பெரும்பாலும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியில் ஜொவான்னி மொரெல்லி என்றொரு கலை ஆய்வாளர் இருந்தார். மருத்துவம் படித்தவர். கையொப்பமில்லாத பழைய ஓவியம் ஒன்று யார் வரைந்தது என்று கண்டறிய, எல்லோரும் முகபாவத்தையும் ஓவியத்தின் ஒட்டுமொத்த அமைப்பையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் காதுமடலையும் விரல் நகத்தையும் பார்த்தார். முகத்தை வரைகையில் ஓவியர் விழிப்பாக இருப்பார், குருவைப் பின்பற்றுவார், காலத்தின் ரசனைக்கு வளைந்துகொடுப்பார். காதுக்கு வரும்போது கவனம் தளர்ந்து, கை தன் பழக்கப்படி போய்விடும் என்பது அவருடைய கணிப்பு. நீங்களும் உங்கள் ஏழு ஆண்டுப் படங்களைத் தரையில் பரப்பி, பாராட்டுப் பெற்ற பகுதிகளை விட்டுவிட்டு, ஏனோதானோவென்று முடித்த மூலைகளை மட்டும் பாருங்கள். எல்லாப் படத்திலும் இடப்பக்கம் வெறுமையாக விடுகிறீர்களா? மனிதர்கள் எப்போதும் வாசலுக்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருக்கிறார்களா? யாருடைய கை என்று கேட்டீர்களே, ஒருவேளை அது அங்கேதான் இருக்கும்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இளம் வயதில், குடும்பத்தோடு மனம் முறிந்து வீட்டைவிட்டு வெளியேறும் ஒருவனைப் பற்றி இருபது பக்கத்தில் மிகவும் கனமான கதை ஒன்று எழுதினேன். ‘இனி இந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன்’ என்று சூளுரைத்துவிட்டுக் கிளம்புகிறவன், தெருமுனை வரை போனபின் மூக்குக்கண்ணாடியை மறந்தது நினைவுக்கு வந்து, ஓசைப்படாமல் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போகிறான். பிற்பகுதியில் அவன் ஒரு கடிதத்தைப் படிக்க வேண்டியிருந்ததால், வெறும் வசதிக்காகச் சேர்த்த வரி அது. நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். அந்த இடத்தில் அவர் குபீரென்று சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது நீயேதான்” என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் படித்தபோது, மற்ற பத்தொன்பதே முக்கால் பக்கமும் நான் மதித்த எழுத்தாளர்களிடம் கடன் வாங்கியது என்பதும், கண்ணாடிக்காகத் திரும்பி வந்தவன் மட்டும் எவரிடமிருந்தும் வரவில்லை என்பதும் வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தன. வீராப்பாகக் கிளம்பிவிட்டு, மறந்த பொருளுக்காகப் பூனைபோலத் திரும்புவது என் வாழ்க்கை முழுவதும் நான் செய்துவருகிற காரியம்.

கேள்வி: எந்தக் கூட்டத்திலும் என்னைச் சுற்றிச் சிரிப்பு இருக்கும். யார் அழுதாலும் என்னால் சிரிக்கவைத்துவிட முடியும். தனியாக இருக்கும்போது மட்டும், இத்தனை பேரில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது என்று தோன்றுகிறது. நகைச்சுவை என் முகமா, முகமூடியா?

பதில்: இரண்டுமாக இருக்கலாம், எப்போது எது என்பதை வெளியிலிருந்து சொல்வது கடினம். ஆனால் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

1956இல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகோக், சில ஆண்டுகள் கழித்துத் தம் மாணவர்களோடு கோமாளிக் கலையை ஆராயப் புகுந்தார். மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக நடுவில் வந்து மற்றவர்களைச் சிரிக்கவைக்கச் சொன்னார். ஒருவர் குட்டிக்கரணம் போட்டார், இன்னொருவர் சொல்விளையாட்டுக் காட்டினார், கோணங்கித்தனம் எல்லாம் நடந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. முயற்சி தோற்று, முகம் சுண்டி, என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பிப்போய் உட்காரும்போது, அந்தக் கையறு நிலையைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோமாளி என்பது வெளியிலிருந்து போட்டுக்கொள்ளும் பாத்திரம் அல்ல, ஒவ்வொருவரும் மறைக்கப் பாடுபடுகிற சொந்த பலவீனமே அவரவருடைய கோமாளி என்ற பாடத்தை லெகோக் அங்கிருந்துதான் எடுத்தார். அவர் மாணவர்களுக்குக் கொடுத்த சிவப்பு மூக்கை உலகின் மிகச் சிறிய முகமூடி என்பார்கள். முகத்தில் அது மறைப்பது மூக்கின் நுனியை மட்டும், மற்றதெல்லாம் அம்பலமாகிவிடுகிறது.

உங்கள் வேடிக்கைகளை இந்த வட்டத்துக்குள் நிறுத்திப் பாருங்கள். நீங்கள் சிரிக்கவைப்பது எப்போதும் வெற்றியாகவே முடிகிறது என்றால், குட்டிக்கரணத்தோடு நின்றுவிட்டீர்கள் என்று பொருள். தோற்றுப்போய் இடத்துக்குத் திரும்பும் அந்த நாலு அடியை யாரும் பார்க்க நீங்கள் விட்டதில்லை. மேலே சொன்ன வின்னிகாட் 1963இல், ஒளிந்திருப்பதில் மகிழ்ச்சி உண்டு, ஒருவராலும் கண்டுபிடிக்கப்படாமல் போவதோ பேரிழப்பு என்ற பொருளில் எழுதினார். கண்ணாமூச்சி ஆடிய எவருக்கும் இது புரியும்: மறைவிடம் மிக நன்றாக அமைந்துவிட்டால், தேடுகிறவர்கள் களைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், நாம் கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறோம். ஒருவேளை உங்களுக்கு நேர்ந்திருப்பது இதுதான். வேடிக்கையை நிறுத்த வேண்டாம். அடுத்த முறை ஒன்று எடுபடாமல் போனால், உடனே இன்னொன்றைச் சொல்லிச் சமாளிக்காமல், எடுபடாமல் போன அந்த அமைதியில் சற்று நேரம் நின்றுபாருங்கள். தனிமையின் கனம் தாங்க முடியாததாக இருந்தாலோ, இந்தப் பத்தியோடு நின்றுவிடாமல் மனநல மருத்துவர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

கேள்வி: தன்னைத் தானே கேலி செய்துகொள்வது தன்மதிப்பைக் குறைக்காதா?

பதில்: கேலி செய்கிற ‘நான்’ எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று சிரித்துக்கொண்டே சொல்வது கேலி அல்ல, அடி; பிறர் அடிப்பதற்குமுன் நாமே அடித்துக்கொள்கிறோம். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டு 1927இல் நகைச்சுவையைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையில், திங்கட்கிழமையன்று தூக்குமேடைக்கு அழைத்துச் செல்லப்படும் கைதி ஒருவனைக் காட்டுகிறார். ‘இந்த வாரம் நன்றாகத்தான் தொடங்குகிறது’ என்கிறான் அவன். நம்மை எப்போதும் அதட்டிக்கொண்டே இருக்கிற உள்மனக் கண்காணி, அப்படிப்பட்ட தருணத்தில் மட்டும் பரிவோடு குனிந்து, பயந்த குழந்தையிடம் பெரியவர் பேசுவதைப் போல ‘இவ்வளவுதானா, இது சிரிக்கத்தக்கது’ என்று சொல்கிறது என்பது ஃபிராய்டின் விளக்கம்.

முதல் பதிலில் பெட்டிக்குள் கிடக்கும் நகையைப் பற்றிச் சொன்னேன். தொல்காப்பியரின் நகை வேறு, அது சிரிப்பு. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளில் அதைத்தான் முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறார். எள்ளலுக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் கொண்ட பழைய உரையாசிரியர், பிறரை எள்ளி நகுவதோடு, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதையும் சேர்த்துக்கொள்கிறார். எள்ளப்பட்டவன் சிரிக்க வேண்டுமானால், கண நேரம் எள்ளியவன் நின்ற இடத்துக்குப் போய்த் தன்னைத் திரும்பிப் பார்த்தாக வேண்டும். அப்படிப் போய்வரத் தெரிந்தவரின் தன்மதிப்பைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

கேள்வி: தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பது தன்மோகம் இல்லையா?

பதில்: அழகாகத் தெரியும்வரை வரைந்தால் தன்மோகம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம் 24ஆம் வயதில், 1630இல், கண்ணாடி முன் நின்று வாயைப் பிளந்தும், விழித்தும், சிரித்தும் தம் முகத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். வாய் திறந்து விழிக்கிற படம் 5 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். அந்தக் கோணல் முகங்களில் எனக்குப் பிடித்தது ஒரு தொழில்நுட்பச் செய்தி. கண்ணாடி இடவலத்தை மாற்றிக் காட்டுகிறது; தகட்டில் கண்டபடியே வரைந்து தாளில் அச்சிட்டால் அது மறுபடியும் மாறிவிடுகிறது. ஆகவே தன்னைப் பார்த்துத் தனக்கென்று அவர் வரைந்தது, தாளில் விழும்போது தெருவில் மற்றவர்கள் கண்ட முகமாகிவிட்டது. 1656இல் கடனில் மூழ்கித் திவாலான அவர், அதற்குப் பிறகு, கடைசிக் காலத்தில், சிரிக்கிற முகம் ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஒரு கிழவியை வரையும்போது சிரித்துச் சிரித்தே செத்துப்போனதாகக் கதை சொல்லப்படும் பழைய கிரேக்க ஓவியர் சியூக்ஸிஸாக அவர் தம்மைக் காட்டியிருக்கிறார் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஜெர்மனியின் கொலோன் நகர அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. பல் போன, தோல் தொங்கிய அந்த முகத்தில் மோகம் எதையும் நான் காணவில்லை. ஒருவேளை அவருக்கே அந்தக் கேள்வி சிரிப்பைத் தந்திருக்கலாம்.

கேள்வி: எல்லோருக்கும் பதில் சொல்கிறீர்களே, நீங்கள் உங்களைக் கண்டுகொண்டீர்களா?

பதில்: சென்ற மாதம் இந்தப் பகுதியில் வெளியான பழைய பதில்களை ஒரே மூச்சில் படிக்க நேர்ந்தது. எதையும் உறுதியாக, அடித்துச் சொல்கிறவன் என்றுதான் என்னைப் பற்றி அதுவரை எண்ணியிருந்தேன். பத்து வரிக்கு ஒருமுறை ‘ஒருவேளை’ என்று எழுதியிருக்கிறேன். என் மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “இதைக் கண்டுபிடிக்க இத்தனை பக்கம் எழுத வேண்டியிருந்ததா? என்னைக் கேட்டிருந்தால் முதல் வருஷமே சொல்லியிருப்பேனே” என்றார். இந்த இதழுக்கு எழுதியதில் அந்தச் சொல் தென்பட்ட இடத்தையெல்லாம் அடித்தேன். அப்படியும் மூன்று தப்பிவிட்டன.