காஸ்பரோவ் ஏன் ஊரை விட்டு ஓடினார்?

கேள்வி: செஸ் வீரர் காஸ்பரோவ் 1990-ல் சொந்த ஊரான பாகுவிலிருந்து தப்பி ஓடினாராமே? உலக சாம்பியனுக்கே அந்தக் கதியா? (வாசகர், திருப்பூர்)

பதில்: அவருடைய அம்மா ஆர்மேனியர். அந்த ஜனவரியில், அப்போது சோவியத் யூனியனில் இருந்த அஜர்பைஜானின் தலைநகரான பாகுவில் உயிர் போக அது போதும். தனி விமானம் பிடித்துக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். விமானத்துக்கு வழியில்லாத ஆயிரக்கணக்கானவர்கள் உடுத்திய துணியோடு கப்பலேறி காஸ்பியன் கடலைத் தாண்டினார்கள்.

விஷயம் 1988-லேயே முற்றிவிட்டது. அஜர்பைஜானுக்குள் ஆர்மேனியர்கள் பெரும்பான்மையாக இருந்த நகோர்னோ கராபாக், எங்களைப் பக்கத்து சோவியத் குடியரசான ஆர்மேனியாவோடு சேருங்கள் என்று பிப்ரவரி 20-ல் தீர்மானம் போட்டது. அதையொட்டி நடந்த மோதலில் இரண்டு அஜர்பைஜானி இளைஞர்கள் இறந்துபோனார்கள். எரிகிற நேரத்தில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, அந்தச் செய்தியை ஓர் அரசு வழக்கறிஞரே 27-ம் தேதி அறிவித்தார். அன்றைக்கே பாகுவுக்குப் பக்கத்தில், ரசாயனத் தொழிற்சாலைகள் நிறைந்த சும்கயித்தில் கும்பல் கிளம்பிவிட்டது. பஸ்ஸை மறித்து உள்ளே ஆர்மேனியர் யாராவது இருக்கிறார்களா என்று தேடினார்கள், அடுக்குமாடி வீடுகளில் கதவை உடைத்தார்கள், கொன்றார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அக்கம்பக்கத்து அஜர்பைஜானியர்கள் சிலர் தங்கள் வீட்டிலேயே ஒளித்துவைத்ததால் பிழைத்தவர்களும் உண்டு. அரசுக் கணக்கில் செத்தவர்கள் 32 பேர், அதில் 26 பேர் ஆர்மேனியர்கள். ஆர்மேனியர்கள் இந்தக் கணக்கை நம்பவில்லை.

இரண்டு வருடம் கழித்து பாகுவிலும் அதே கதை. சுமார் 90 ஆர்மேனியர்கள் கொல்லப்பட்டார்கள். சோவியத் உள்துறைப் படை ஊருக்குள்ளேயேதான் இருந்தது, உத்தரவு வரவில்லையாம்! கொலைகள் ஓய்ந்து, கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கே ஆபத்து என்றான பிறகு, ஜனவரி 19 நள்ளிரவில் சோவியத் ராணுவம் டாங்கிகளோடு நுழைந்து நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்களைச் சுட்டுக் கொன்றது, பெரும்பாலும் அஜர்பைஜானியர்களை. ‘காலங்காலமான பகை’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பகை இருந்தது, சரி, தடுக்க வேண்டியவன் எங்கே போனான்?

கேள்வி: ஆர்மேனியர்கள் மட்டும் யோக்கியமா? (வாசகி, மதுரை)

பதில்: இல்லையம்மா. ஆர்மேனியாவில் தலைமுறைகளாக வாழ்ந்த அஜர்பைஜானியர்களை அதே காலத்தில் அடித்து விரட்டினார்கள், 1988 நவம்பரில் குகார்க் பகுதியில் கொலைகளும் நடந்தன. அதைக் காட்டி சும்கயித்தை நியாயப்படுத்த முடியாது, இதைக் காட்டி அதையும் முடியாது. சும்கயித் வழக்கையாவது ஒழுங்காக நடத்தினார்களா என்றால், அதுவும் இல்லை. யார் திட்டமிட்டது என்று தோண்டாமல், ஏதோ ரவுடிகள் செய்த வேலை என்று துண்டு துண்டாகப் பிரித்து வெவ்வேறு கோர்ட்டுகளுக்கு அனுப்பிவிட்டார்கள்.